சீலிங் இறங்கியது, விளக்குகள் இறங்கவில்லை: லிங்க் மாடலில் ஹோஸ்ட் இழந்த விளக்குகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று தளங்கள் கொண்ட ஒரு பயிற்சி மையத்தின் வடிவமைப்பு வேலை இது. எல்லாத் துறைகளும் கட்டிடத்தை முப்பரிமாண மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில் வேலை செய்தன. கட்டிடக் கலைஞரின் மாடல் ஒரு ஃபைல், மின் மாடல் இன்னொரு ஃபைல், ஏசி டக்ட் மாடல் மூன்றாவது ஃபைல். ஒவ்வொரு குழுவும் மற்றவர்களின் மாடலைத் தன் ஃபைலில் லிங்க் செய்து, அதாவது பார்க்க மட்டும் முடியும்படி இணைத்து, வைத்திருந்தது. சுவர், கதவு, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் கட்டிடக் கலைஞரின் பொறுப்பு. விளக்கு, ஸ்விட்ச், சாக்கெட், புகை உணர்வி, மின் பேனல் ஆகியவை மின் குழுவின் பொறுப்பு. நான் மூன்று மாடல்களையும் ஒருங்கிணைக்கும் வேலையில் இருந்தேன்.

வகுப்பறைகளில் 600 × 600 மி.மீ டைல் போட்ட கிரிட் சீலிங். தொடக்கத்தில் சீலிங் உயரம் தரையிலிருந்து 2850 மி.மீ. கிரிட்டின் ஒரு டைலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் எல்இடி பேனல் விளக்குதான் பெரும்பாலான அறைகளுக்கு. பார்வைக்கு எளிய வேலை. ஆனால் சீலிங் ஒரு ஃபைலிலும் விளக்கு இன்னொரு ஃபைலிலும் இருக்கும்போது, விளக்கை எந்த இடத்தில் வைப்பது என்பதோடு அதை எதில் பிணைப்பது என்ற கேள்வியும் வருகிறது. விளக்கைத் தாங்கும் அந்தப் பொருளுக்கு ஹோஸ்ட் என்று பெயர். இந்த நிகழ்வு முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நடந்தது.

ஹோஸ்ட் தேர்வு

மின் குழுவின் கையில் முன்பு வேறொரு வேலைக்குப் பயன்பட்ட விளக்கு ஃபேமிலிகள் (மாடலில் திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய பொருள் மாதிரிகள்) இருந்தன. எல்லாமே சீலிங்கை ஹோஸ்டாகக் கேட்பவை. அவற்றை லிங்க் மாடலில் உள்ள சீலிங்கில் வைக்க முடியாது. ஹோஸ்ட் சீலிங் அதே ஃபைலில் இருந்தாக வேண்டும். மின் ஃபைலிலேயே ஒரு போலி சீலிங் வரைந்து அதில் விளக்குகளைத் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு சீலிங்குகளையும் யாராவது ஒருவர் கையால் ஒத்துப்போக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அது உடனே கைவிடப்பட்டது.

மீதம் மூன்று வழிகள். ஒன்று, ஃபேஸ்-பேஸ்ட் ஃபேமிலி: எந்தப் பொருளின் பரப்பிலும் ஒட்டும், லிங்க் சீலிங்கின் அடிப்பரப்பு உட்பட. இரண்டு, அதே ஃபேமிலியைப் பெயரிட்ட ஒரு ரெஃபரன்ஸ் பிளேனில், அதாவது வரைவுக்கு உதவும் ஒரு கற்பனைச் சமதளத்தில், வைப்பது. பிளேன் மின் ஃபைலிலேயே இருக்கும், வேறு யாரும் அதை அழிக்க முடியாது. மூன்று, கட்டிடக் கலைஞரே விளக்குகளை வைக்க, மின் குழு அவற்றைக் காப்பி-மானிட்டர் (லிங்க்கில் உள்ள பொருளை நகலெடுத்து, மூலம் மாறினால் எச்சரிக்கும் வசதி) மூலம் எடுத்துக்கொள்வது. விளக்குகளுக்குக் காப்பி-மானிட்டர் வசதி உண்டு, சீலிங்குக்குக் கிடையாது. அதனால் சீலிங்கை அந்த வழியில் கொண்டுவர முடியவில்லை.

மின் வடிவமைப்பாளர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். சீலிங் உயரம் அறைக்கு அறை மாறும். கட்டிடக் கலைஞர் உயரத்தை மாற்றினால் விளக்கும் தானாகவே கூடப் போகும் என்பது அவருடைய காரணம். சரியான காரணம்தான். இன்றும் வகுப்பறைகளுக்கு நான் அதையே சொல்வேன். ரெஃபரன்ஸ் பிளேன் வழியில் உயர மாற்றம் தானாக வராது. இன்னொரு தொல்லையும் உண்டு: பிளேனை எந்தத் திசையில் வரைந்தோம் என்பதைப் பொறுத்து விளக்கு மேல்நோக்கித் திரும்பிவிடலாம்.

ஒரு ஃபேமிலி எந்த ஹோஸ்டைக் கேட்கிறது என்பது அதைச் செய்யத் தொடங்கும் டெம்ப்ளேட்டிலேயே முடிவாகிவிடும். பிறகு மாற்ற வழியில்லை. அதனால் பேனல் விளக்கு, டவுன்லைட் இரண்டும் ஃபேஸ்-பேஸ்ட் டெம்ப்ளேட்டில் புதிதாகச் செய்யப்பட்டன. மின் கனெக்டர் (சர்க்யூட்டோடு இணைக்கும் புள்ளி), வோல்டேஜ், பளு, ஒளிப் பரவலுக்கான ஐஇஎஸ் ஃபைல் எல்லாம் சேர்க்கப்பட்டன. ரூம் கால்குலேஷன் பாயின்ட்டையும் இயக்கி, அதை விளக்கின் முகத்திலிருந்து 100 மி.மீ கீழே வைத்தார்கள். சீலிங்குக்கு மேலே உடல் மறைந்திருக்கும் விளக்கு எந்த அறைக்குச் சேர்ந்தது என்று மென்பொருள் தெரிந்துகொள்வது இந்தப் புள்ளியை வைத்துத்தான். பின்னால் பிரச்சினையைக் காட்டிக்கொடுத்ததும் இதே புள்ளிதான்.

முதல் அமைப்பு

ஒரு வகுப்பறை 9 × 6 மீட்டர், அதாவது 54 சதுர மீட்டர். இலக்கு மேசை மட்டத்தில் சராசரி 500 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு). தேர்ந்தெடுத்த பேனல் 3600 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளி). பயன்பாட்டுக் காரணி (ஒளியில் மேசை மட்டத்தை அடையும் பங்கு) 0.6, பராமரிப்புக் காரணி (தூசி, வயதால் ஒளி குறைவதற்கான கழிவு) 0.8 என்று எடுத்தார்கள். 500 × 54 என்பதை 3600 × 0.6 × 0.8 ஆல் வகுத்தால் 15.6 வருகிறது. எனவே 16 விளக்குகள், நான்குக்கு நான்கு. கணக்குப்படி 512 லக்ஸ்.

கணக்கு சரி, ஆனால் கிரிட் ஒத்துழைக்கவில்லை. நீளவாக்கில் 15 டைல்; 2, 6, 10, 14 ஆம் டைல்களில் வைத்தால் சீரான 2.4 மீட்டர் இடைவெளி. அகலவாக்கில் 10 டைல். சுவரை ஒட்டிய டைல்களை விட்டுவிட்டு நான்கு வரிசையைச் சமச்சீராக வைக்க 2, 4, 7, 9 ஆம் டைல்களை எடுத்தார்கள். இடைவெளி 1.2, 1.8, 1.2 மீட்டர். நடுவில் ஒரு அகலமான பட்டை, இரண்டு பக்கமும் நெருக்கம். சர்க்யூட் கொடுத்து, ஸ்விட்ச் பிரித்து, டேக் (வரைபடத்தில் தெரியும் அடையாளக் குறிப்பு) போட்டு, இந்த அமைப்பை மின் குழு கட்டிடக் கலைஞருக்கு அனுப்பியது.

மாற்றம் வந்த விதம்

நடுப் பட்டை கட்டிடக் கலைஞருக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்ன தீர்வு நல்லதாகவே இருந்தது: அகலவாக்கில் கிரிட்டை அரை டைல் தள்ளினால் ஒன்பது முழு டைலும், இரண்டு ஓரத்திலும் அரை டைலும் கிடைக்கும். நடுவில் ஒரு டைல் அமையும். அப்போது மூன்று வரிசை, ஐந்து பத்தி. இரண்டு பக்கமும் சீராக 1.8 மீட்டர் இடைவெளி. விளக்கு 15 ஆகக் குறைகிறது. 3600 லூமெனோடு நின்றால் 480 லக்ஸ்தான் வரும். எனவே அதே அளவுள்ள 4000 லூமென் பேனலுக்கு மாறினால் 533 லக்ஸ். அகலவாக்கில் சுவரிலிருந்து முதல் வரிசை 1.2 மீட்டர் தள்ளி நிற்பது சற்று அதிகம்தான். அந்த ஓரங்கள் நடைபாதை என்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதே வாரத்தில் டக்ட் குழுவிடமிருந்து இன்னொரு கோரிக்கை. காப்புறையோடு சேர்த்து டக்ட்டின் அடிமட்டம் 2830 மி.மீ. எனவே சீலிங் 150 மி.மீ இறங்கி 2700 ஆக வேண்டும்.

கட்டிடக் கலைஞரின் குழு இரண்டு மாற்றங்களையும் ஒரே அமர்வில் செய்தது. தாழ்வாரங்களிலும் சிறிய அறைகளிலும் சீலிங்கின் உயர அளவை மட்டும் மாற்றினார்கள். வகுப்பறைகளில் கிரிட்டையும் தள்ள வேண்டியிருந்ததால் பழைய சீலிங்கை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தார்கள். வரைபவரின் பார்வையில் இரண்டும் ஒரே பலனைத் தருபவை. லிங்க்கின் மறுபக்கத்தில் இருந்த விளக்குகளுக்கு இரண்டும் ஒன்றல்ல.

கவனித்தவை

மின் ஃபைலில் லிங்க்கை ரீலோட் செய்தபோது, லிங்க்குக்கு ஒருங்கிணைப்புப் பரிசீலனை தேவை என்ற வார்னிங் வந்தது. லிங்க் வைத்து வேலை செய்யும் எந்த ஃபைலிலும் அந்த வார்னிங் அடிக்கடி வரும். அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வது பழக்கமாகிவிடுகிறது. இங்கேயும் மூடப்பட்டது.

ரிஃப்ளெக்டட் சீலிங் பிளானில், அதாவது சீலிங்கைக் காட்டும் வரைபடத்தில், விளக்குகள் புதிய கிரிட்டின் கோடுகள் மேல் அரை டைல் விலகி நின்றன. அது எதிர்பார்த்ததுதான். ஃபேஸ்-பேஸ்ட் விளக்கு சீலிங்கின் பரப்பைப் பின்தொடரும், பரப்பின் மேல் வரைந்த கிரிட் கோடுகளைப் பின்தொடராது. வடிவமைப்பாளர் ஒவ்வொரு அறையிலும் ஒரு விளக்கை நீக்கி, மீதி 15 விளக்குகளையும் அலைன் கருவியால் புதிய டைல்களுக்கு நகர்த்தி, டைப்பையும் 4000 லூமெனுக்கு மாற்றினார். பிளான் கச்சிதமாக இருந்தது.

பிறகு ஸ்பேஸ் (மின் மாடலில் ஒவ்வொரு அறையையும் குறிக்கும் வெளி) அட்டவணையை எடுத்துப் பார்த்தபோது எல்லா வகுப்பறைகளிலும் சராசரி ஒளி அளவு பூஜ்யம். தாழ்வாரத்திலும் சிறிய அறைகளிலும் எண்கள் சரியாக இருந்தன.

முதலில் சந்தேகம் புதிய டைப்பின் ஐஇஎஸ் ஃபைல் மேல் விழுந்தது. அது சரியாகவே இருந்தது. அடுத்து, கட்டிடக் கலைஞரின் லிங்க்கில் ரூம் பவுண்டிங் (லிங்க்கில் உள்ள சுவர், சீலிங்கை அறையின் எல்லையாக எடுக்கும் அமைப்பு) அணைந்திருக்கலாம் என்று நினைத்தோம். அப்படியானால் தாழ்வாரத்திலும் எண்கள் பிசகியிருக்க வேண்டும். பிறகு ஒரு வகுப்பறையின் குறுக்கே செக்‌ஷன் வெட்டினோம். புதிய சீலிங் கோடு 2700இல். விளக்குகளின் முகம் 150 மி.மீ மேலே, பழைய 2850இல், எதையும் தொடாமல் நின்றது. ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்துப் பண்புகளைப் பார்த்தால், ஹோஸ்ட் என்ற வரியில் சீலிங்கின் பெயருக்குப் பதிலாக எதோடும் இணைப்பில்லை என்ற குறிப்பு இருந்தது.

அதன்பின் எல்லாம் விளங்கியது. அழிக்கப்பட்ட சீலிங்கோடு விளக்கின் ஹோஸ்டும் போய்விட்டது. புதிய சீலிங் அதே அறையில் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தாலும், மென்பொருளைப் பொறுத்தவரை அது வேறு பொருள். ஹோஸ்ட் இழந்த விளக்கு அழியாது, கீழே விழாது. கடைசியாக இருந்த உயரத்திலேயே நிற்கும். பிளானில் இடம் மாற்றினால் அந்தப் பழைய உயரத்திலேயே நகரும். கால்குலேஷன் பாயின்ட் 2750இல் நின்றது. சீலிங்கோடு முடியும் ஸ்பேஸுக்கு வெளியே. எனவே அந்த அறையில் விளக்கே இல்லை என்பது மென்பொருளின் முடிவு. தாழ்வாரத்தில் சீலிங் அழிக்கப்படவில்லை, உயரம் மட்டும் மாறியது. விளக்குகளும் கூடவே இறங்கியிருந்தன.

பிளானில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின் துறைக்கான பார்வையில் கட்டிடப் பொருள்கள் மங்கலாகவும், மின் பொருள்கள் அவற்றின் மேலும் காட்டப்படும். வேலை வசதிக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் சீலிங்குக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய விளக்கும் முன்னால் தெரிந்துவிடுகிறது. இந்தப் பிழை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குள் ஒரு சேதமும் நடந்திருந்தது. ஒன்றோடொன்று இடிக்கும் பொருள்களைத் தேடும் மோதல் சோதனையின் அறிக்கையில் வகுப்பறை விளக்குகள் டக்ட்டுக்குள் நுழைந்திருப்பதாக வரிசையாகப் பதிவாகி, டக்ட் குழுவுக்குப் போய்விட்டது. ஏற்கெனவே தங்களுக்காகச் சீலிங் இறக்கப்பட்ட பிறகும் ஏன் இத்தனை மோதல் என்று அவர்கள் குழம்பினார்கள். டக்ட்டின் வழியையே மாற்றலாமா என்ற பேச்சு வரை போனது. 2850இல் நின்ற விளக்கு டக்ட்டுக்குள்தான் இருக்கும். ஆனால் உண்மையில் அது அங்கே பொருத்தப்படப் போவதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் டக்ட் குழுவிடம் அறிக்கையை நிறுத்திவைக்கச் சொன்னோம். தவறான உயரத்தை நம்பி ஒரு குழு வேலையை மாற்றிவிட்டால், பிறகு அதைத் திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம்.

அடுத்து, விளக்குகளை எப்படிச் சரிசெய்வது. எல்லாவற்றையும் அழித்துப் புதிய சீலிங்கில் மறுபடி வைப்பதுதான் வேகமான வழி என்று தோன்றியது. அதை நான் ஏற்கவில்லை. இந்த விளக்குகள் சர்க்யூட்டில் சேர்க்கப்பட்டவை, ஸ்விட்ச் பிரிக்கப்பட்டவை, டேக் போடப்பட்டவை. விளக்கை அழித்தால் சர்க்யூட்டிலிருந்தும் அது போய்விடும், டேக் மறையும், பேனல் அட்டவணையின் பளு மாறும். புதிதாக வைத்த விளக்கு எந்தச் சர்க்யூட்டிலும் இல்லாமல் நிற்கும். ஒரு அறையில் ஒன்றிரண்டை மறந்துவிட்டாலும், அது தெரியவருவது வெகு தாமதமாகத்தான். ஹோஸ்டை மட்டும் மாற்றும் பிக் நியூ கருவியில் விளக்கு அதே பொருளாகவே இருக்கிறது. சர்க்யூட்டும் ஸ்விட்ச்சும் அப்படியே நிற்கின்றன. குறை ஒன்றுதான்: புதிய பரப்பில் எங்கே சொடுக்குகிறோமோ அங்கே போய் உட்காரும். எனவே ஒவ்வொன்றையும் மறுபடி டைலோடு அலைன் செய்ய வேண்டியிருந்தது. கைவேலை அதிகம், ஆனால் மின் தகவல் எதுவும் சிதறவில்லை.

தளத்துக்கு ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் 2700இல் போட்டு எல்லா விளக்குகளையும் அதற்கு மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். அடுத்த உயர மாற்றத்தில் அறைக்கு அறை பிளேனைத் தேடி நகர்த்த வேண்டியிருக்கும். வகுப்பறைகளுக்கு அது வேண்டாம் என்று முடிவானது. நுழைவுக் கூடத்துக்கு மட்டும் அதையே எடுத்துக்கொண்டோம். அங்கே சீலிங் வடிவமே இன்னும் உறுதியாகவில்லை. வாராவாரம் அழித்து வரைந்துகொண்டிருந்தார்கள். மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பரப்பில் விளக்கை ஒட்டுவதில் பொருளில்லை.

வேலையைத் தொடங்குமுன் கட்டிடக் கலைஞரோடு ஒரு சிறு உடன்பாடு செய்தோம். உறுதியான அறைகளில் சீலிங்கை அழிக்க வேண்டாம். உயரம் மாறினால் சீலிங்கின் உயர அளவை மாற்றினால் போதும். கிரிட்டைத் தள்ள வேண்டுமென்றால், டேப் விசையை அழுத்தி ஒரு கிரிட் கோட்டைத் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் முழுக் கிரிட்டும் நகரும். சீலிங் அதே பொருளாக இருக்கும். அவருடைய குழுவில் சிலருக்கு அப்படிச் செய்ய முடியும் என்பதே தெரிந்திருக்கவில்லை. அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்த அறை என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் அவர் தயங்காமல் ஒத்துக்கொண்டார்.

மறுஹோஸ்ட் செய்யும்போது ஒரு இடத்தில் கவனம் தேவைப்பட்டது. பரப்பில் வைக்கும் கருவி கர்சருக்கு அடியில் எந்தப் பரப்பு தெரிகிறதோ அதைப் பிடிக்கும். ஒரு தாழ்வாரத்தின் முனையில் சீலிங் இல்லாத ஒரு துண்டு இருந்தது. அங்கே வைத்த டவுன்லைட் மேல்தளக் கான்கிரீட்டின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. பிளானில் அதுவும் சரியாகவே தெரிந்தது. அதன்பிறகு செக்‌ஷனைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலை நடந்தது.

பின்விளைவு

மறுஹோஸ்ட் முடிந்த அறைகளில் ஒளி அளவு திரும்ப வந்தது. மென்பொருள் காட்டிய எண் 533 அல்ல, அதை ஒட்டிய ஒன்று; பயன்பாட்டுக் காரணியை அறையின் அளவையும் பரப்புகளின் பிரதிபலிப்பையும் வைத்து அது தானே கணிக்கிறது. எப்படியும் அது அறை முழுதுக்குமான சராசரிதான். சுவரோர மேசையில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதற்காக ஒரு வகுப்பறையைத் தனியாக டயலக்ஸ் என்ற ஒளிக் கணக்கு மென்பொருளில் புள்ளிவாரியாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

மோதல் சோதனையை மறுபடி ஓட்டியதும் வகுப்பறை மோதல்களில் பெரும்பாலானவை மறைந்தன. விளக்கின் உடல் 100 மி.மீ, 2700இலிருந்து 2800 வரை. டக்ட்டின் அடி 2830. நடுவில் 30 மி.மீதான், ஆனாலும் தொடவில்லை. டக்ட்டின் இணைப்பு விளிம்புகள் கீழே நீட்டிக்கொண்டிருந்த சில இடங்களில் மட்டும் உண்மையான மோதல் இருந்தது. அந்த இடங்களுக்கு மெல்லிய உடல் கொண்ட பேனல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பொய்யான மோதல்களின் கூட்டத்தில் இந்த உண்மையான சிலவும் கலந்து கிடந்தன. அறிக்கையை அப்படியே ஒதுக்கியிருந்தால் இவையும் கட்டுமானத்தின்போதுதான் தெரிந்திருக்கும்.

விளக்கோடு விஷயம் முடியவில்லை. அதே சீலிங்குகளில் புகை உணர்விகளும் இருந்தன. அவற்றுக்கும் அதே கதி. லிங்க் சுவர்களில் ஒட்டியிருந்த ஸ்விட்ச்களையும் சாக்கெட்களையும் பரிசோதித்ததில், அழித்து வரைந்த ஒரு சுவருக்கு அருகே இரண்டு ஸ்விட்ச்கள் ஹோஸ்ட் இல்லாமல் வெறும் காற்றில் நின்றன. இன்னொரு அறையில் கதவின் திறப்புப் பக்கம் மாறியதால் ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் போயிருந்தது. ஹோஸ்ட் சரியாக இருந்ததால் இதை எந்தப் பட்டியலும் காட்டவில்லை. கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க முடிந்தது.

இப்போது மாற்றிக்கொண்டவை

லிங்க்கை ரீலோட் செய்தவுடன், எதையும் நகர்த்துவதற்கு முன், ரீகன்சைல் ஹோஸ்டிங் பட்டியலைத் திறந்து பார்ப்பது மின் குழுவின் முதல் வேலை ஆகியிருக்கிறது. ஹோஸ்ட் இழந்த பொருள்களை அந்தப் பட்டியல் லிங்க் வாரியாகக் காட்டும். வரிசை முக்கியம். முதலில் நகர்த்தி அழகுபடுத்திவிட்டால், பிளானில் இருக்கும் ஒரே தடயமான அரை டைல் விலகலும் போய்விடும். இந்த நிகழ்வில் நடந்தது அதுதான்.

ஒவ்வொரு தளத்துக்கும் நிரந்தரமான ஒரு வேலைச் செக்‌ஷன் வைத்திருக்கிறோம். அச்சுக்குப் போகாத பார்வை. உயரம் சரிபார்க்க மட்டும். மோதல் அறிக்கை வேறு குழுவுக்குப் போவதற்கு முன் ஸ்பேஸ் அட்டவணையில் பூஜ்ய லக்ஸ் காட்டும் அறைகளை வடிகட்டிப் பார்க்கிறோம். இந்தச் சோதனை வேலை செய்ய, விளக்கு ஃபேமிலியில் கால்குலேஷன் பாயின்ட் முகத்துக்கு மிக அருகே இருக்க வேண்டும். 100 மி.மீ என்பது இங்கே அதிர்ஷ்டவசமாகப் போதுமானதாக இருந்தது. சீலிங் 80 மி.மீ மட்டும் இறங்கியிருந்தால் புள்ளி அறைக்குள்ளேயே இருந்து, எண்கள் சரியாகக் காட்டி, பிழை மறைந்தே போயிருக்கும். அதனால் அதை 25 மி.மீ ஆகக் குறைத்திருக்கிறோம். அதைவிடச் சிறிய விலகலைப் பிடிக்கச் செக்‌ஷன்தான் வழி.

நுழைவுக் கூடத்தின் அலங்கார விளக்குகளை அடுத்த வேலையில் கட்டிடக் கலைஞரே வைக்கட்டும், மின் குழு காப்பி-மானிட்டர் வழியாக எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசியிருக்கிறோம். அங்கே இடத்தைத் தீர்மானிப்பது அவருடைய கண்தான். அப்படிச் செய்தால் அவருடைய ஃபேமிலியில் மின் கனெக்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின் குழு அதற்கு ஈடான தன் டைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஏற்பாடு என்பது வேலை தொடங்கும்போது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு குழுவும் ஒத்துப்போயின. இந்தக் கட்டிடத்தில் கூடத்தின் சீலிங் இன்னும் முடிவாகவில்லை. அங்கே உள்ள ரெஃபரன்ஸ் பிளேனின் உயரத்தை ஒவ்வொரு ரீலோடுக்குப் பிறகும் ஒருவர் செக்‌ஷனில் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.